திவாகரின் நாட்யச்சடாவைத் தமிழில் போடுவது எப்படி?

மேடைக்கிறுக்கன்:
மராத்தி எழுத்தாளர் திவாகரின் நாட்யச்சடா (ஒருவர் பேச்சு மட்டுமே கேட்கும் சின்ன நாடகத் துண்டு) இரண்டைத் தமிழாக்கி நடிக்க எண்ணம். இது தனிமொழியா, ஓராள் நாடகமா? வரைவைப் படித்தால் யாரோ போனில் பேசுவது போலவே இருக்கிறது. எங்கே இடிக்கிறது?

கூடல்வாசி:
இரண்டும் இல்லை. தனிமொழியில் ஆள் தனக்குத்தானே பேசுவார். ஓராள் நாடகத்தில் ஒரே நடிகர் பல வேஷம் கட்டுவார். இதில் எதிரே ஆள் உண்டு. அவர் குரல்தான் நமக்குக் கேட்காது. ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங் கவிதையில் செய்ததை, புணே நடுத்தரக் குடும்பப் பேச்சு வழக்கில் உரைநடையாக்கினார் திவாகர். இயற்பெயர் சங்கர் காசிநாத் கர்கே (1889–1931), பள்ளி ஆசிரியர். எழுதிய நாட்யச்சடா மொத்தம் 51தான். பெரும்பாலும் ஓரிரு பக்கம். 1931இல் மறைந்தவர் என்பதால் மூலத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் வராது. புதுப் பதிப்பின் முன்னுரையை மட்டும் தொடாதீர்கள்.

ஒற்றெழுத்து:
போன் வாடைக்குக் காரணம் எதிரொலி. “என்ன, மாமாவுக்குக் காய்ச்சலா? நேத்துலேர்ந்தா?” என்று எதிராளி சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னால் அப்படித்தான் ஆகும். “அடடா... கஞ்சி ஏதும் குடிச்சாரா?” போதும், காய்ச்சல் தானே புரியும்.

இன்னொரு பள்ளம்: மராத்தியில் ‘ஜாதோ’ என்றால் பேசுவது ஆண், ‘ஜாதே’ என்றால் பெண். தமிழில் இரண்டும் ‘போறேன்’. முதல் இரண்டு வரிக்குள் ஒரு விளியைப் போட்டுப் பேசுவது யார், யாரிடம் என்று காட்டிவிடுங்கள். நமக்கு ஒரு லாபமும் உண்டு. “வாங்க, உக்காருங்க... டேய், செம்பை எடுத்துட்டு வா” என்றதுமே வேறொரு ஆளிடம் திரும்பியாச்சு என்று தெரிந்துவிடும்.

திரைச்சீலை:
நடிப்பில் கெடுவது பார்வை. விருந்தாளி எங்கே, பிள்ளை எங்கே என்று தரையில் சாக்பீஸால் குறித்து ஒத்திகை பாருங்கள். பிள்ளை நின்றால் பார்வை இடுப்பளவு இறங்கணும். எதிராளியின் பதிலை மனசுக்குள் முழுசாகச் சொல்லி முடித்த பிறகே அடுத்த வரி. அவசரப்பட்டால் அங்கே ஆளே இல்லை என்று ஆகிவிடும்.

“இவர் இன்னார்” என்று முன்னறிவிப்பு வேண்டாம். தலைப்பை மட்டும் சொல்லுங்கள். அதிலும் கவனம்: ‘பந்த் மேலே, ராவ் சடலே’ என்ற திவாகர் தலைப்பில் ‘மேலே’ நம்ம மேலே இல்லை, ‘செத்தார்’! பந்த் போனார், ராவ் அந்த இடத்துக்கு ஏறினார் என்ற சொலவடை அது. பந்தும் ராவும் மரியாதை ஒட்டுகள், ஆள் பெயராக எடுத்துக்கொண்டால் தலைப்பே செத்துவிடும்.