தாவணியும் வேட்டியும் விழா உடையாகச் சுருங்கியதற்கு ஊடகமா காரணம்?

கேள்வி – கரிசல்வாசி:
எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண்பிள்ளை தாவணி போடுவது ஒரு காலத்தில் எழுதாத சட்டம். இன்று கல்லூரி மாணவியர் அதைப் பொங்கல் விழாவன்று மட்டும், அதுவும் படமெடுத்துப் பதிவிடுவதற்காகவே அணிகிறார்கள். பையன்களின் வேட்டியும் அதே கதிதான். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது முதல் இன்றைய இன்ஸ்டாகிராம் வரை, எது அழகு என்பதைத் திரையே முடிவு செய்கிறது என்று கருதுகிறேன். இளைஞர்களின் பண்பாட்டு அடையாளம் இதனால் மெலிகிறதா?

பதில் 1 – பழைய வாத்தியார்:
ஐயா, பழியை முழுக்கத் திரையின் தலையில் கட்ட முடியாது. அரசுப் பள்ளிகளில் மேல்வகுப்பு மாணவியரின் சீருடையே தாவணியாக இருந்து, பின்னர் சுடிதாராக மாறியது. ஊசி குத்தி இழுத்துச் செருகிய தாவணியோடு கூட்டமான பேருந்தில் தொங்கியும், மிதிவண்டி மிதித்தும் வந்த பிள்ளைகளிடம் கேட்டால் அந்த மாற்றத்தின் அருமையைச் சொல்வார்கள். தொலைக்காட்சி ஆசையைத் தூண்டியிருக்கலாம். வீட்டில் அனுமதி வாங்கித் தந்தது சீருடை. அதே ஊடகம் எதிர்த்திசையிலும் வேலை செய்திருக்கிறது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு மன்றம் (கிளப்) உள்ளே விடவில்லை. செய்தி பரவிக் கொதிப்பு எழுந்ததும், அந்த ஆண்டே இத்தகைய தடைகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் வேட்டி கட்டுவதில் இளைஞர்களுக்கு ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது.

பதில் 2 – தென்குமரி:
'மரபு' என்று யாருடைய உடையைச் சொல்கிறோம்? தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசாணை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோளில் துண்டு போடவும் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கவும் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, திரையில் எல்லோரும் அணிகிற ஒரே சுடிதாரும் ஜீன்ஸும் சாதி தெரியாத உடைகள். அதை அடையாள இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 3 – தறிவீடு:
உடையை மட்டும் பேசுகிறீர்கள், நெய்தவரையும் கொஞ்சம் பாருங்கள். காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால், குறுக்கே ஓடும் ஊடு நூல்களை இரண்டும் சேரும் இடத்தில் கோத்து வாங்கும் கோர்வை வேலை அது. நெசவாளருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். கைப்பேசிப் படத்தில் கோர்வைச் சேலையும் விசைத்தறி நகலும் ஒன்றுபோலவே தெரியும். கடைக்கு வரும் பிள்ளைகள் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி அதே நிறத்தைக் கேட்கிறார்கள். திரையின் வெளிச்சத்தில் தெரிந்த நிறம் சாயத்தொட்டியில் வராது என்று சொன்னால் நகலை வாங்கிப் போய்விடுகிறார்கள். அவர்கள் மரபை வெறுக்கவில்லை, ஆசையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் படத்துக்கு எது எடுப்போ அதற்குத்தான் விலை, மறுபுறம் திருப்பிக் கரையின் பிணைப்பைத் தடவிப் பார்க்கும் வழக்கம் அம்மாக்களோடு நின்றுவிட்டது. பதிவிடுகிறவர்கள் அந்த மறுபுறத்தையும் ஒரு முறை படமெடுத்துப் போட்டால் எங்களுக்கு அதுவே போதும்.