பிபிஎஸ்எஸ்பிபி: சட் போகுது, ரூம் மட்டும் தெரியவில்லை

கொக்குவிலான்:
வணக்கம். நான் கொக்குவில், சித்தப்பாவின் மகன் பருத்தித்துறை. இரண்டு பேரும் அன்ட்ரொயிட் போனில் பிபிஎஸ்எஸ்பிபி (சோனியின் பிஎஸ்பி கைக் கேம் மெஷினின் கேம்களைப் போனில் ஓட்டும் எமுலேட்டர்) போட்டு டெக்கன் 6 சண்டை கேம் விளையாடுகிறோம். அவன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே வைஃபையில் இருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை, அவன் வீட்டுக்குப் போன பிறகுதான் வினை. நெற்வேர்க்கிங் செற்றிங்சில் வைஃபையை ஒன் பண்ணி, அட்ஹொக் சேர்வர் இடத்தில் இருவரும் ஒரே பொதுச் சேர்வரைத்தான் கொடுத்திருக்கிறோம், மக் முகவரியும் (ஒவ்வொரு மெஷினுக்கும் உரிய அடையாள எண்) வேறு வேறு. எமுலேட்டர் சட்டில் அவன் எழுதுவது எனக்கு வருகிறது, நான் எழுதுவது அவனுக்குப் போகிறது. ஆனால் அவன் கேமுக்குள் ரூம் போட்டால் எனக்கு வெறும் பட்டியல். எனக்கு வீட்டு ரவுட்டர், அவனுக்கு சிம் டேட்டா. என்ன செய்யலாம்?

பனங்காய்:
பருத்தித்துறைப் பக்கம் சிக்னல் காணாது போல. வேற சிம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ.

வயர்க்காரன்:
சிக்னல் இல்லை தம்பி, சட் போகுதெண்டால் இணைப்பு இருக்கு.

பிஎஸ்பியின் அட்ஹொக் என்பது ஒரே அறைக்குள் இருக்கிற மெஷின்கள் நேரடியாகக் கதைப்பதற்குச் செய்தது. இப்படியான சேர்வர் பெரும்பாலும் கலியாணத் தரகர் மாதிரி, இரண்டு பக்கத்தையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிவிடும். சட் மட்டும் அதன் வழியாகப் போகும், ரூம் விபரமும் அடிபாடும் உங்கள் இரண்டு போனுக்கும் இடையில் நேரே போக வேண்டும். சிம் டேட்டாவில் பெரும்பாலும் ஒரு பொது ஐபியைப் பல பேருக்குப் பகிர்ந்துதான் கொடுப்பார்கள், அதனால் வெளியிலிருந்து வருவது அவனுடைய போனைக் கண்டுபிடிக்காது. உங்கள் ரவுட்டரிலும் பாருங்கோ, வான் ஐபி (WAN, இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கும் அதே கதைதான், யூபிஎன்பி (ரவுட்டர் தானாகப் போர்ட் திறந்துவிடும் வசதி) ஒன் பண்ணியும் பிரயோசனம் இல்லை.

இரண்டு போனிலும் சீரோடியர் போடுங்கோ, தூரத்தில் இருக்கிற போன்களை ஒரே வைஃபையில் இருப்பதுபோல இணைக்கிற விபிஎன் மாதிரியான அப் அது. அதன் இணையப் பக்கத்தில் ஒரு நெற்வேர்க் உருவாக்கினால் 16 எழுத்தில் ஒரு ஐடி வரும், இருவரும் அதில் சேர்ந்த பிறகு அதே பக்கத்தில் இரண்டு போனுக்கும் அனுமதி டிக் போட வேண்டும் (கனபேர் இதை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதுவார்கள்). இனி ரூம் போடுகிறவர் பிபிஎஸ்எஸ்பிபியில் உள்ளேயே இருக்கிற அட்ஹொக் சேர்வரை ஒன் பண்ண, அவருக்குக் கிடைத்த சீரோடியர் ஐபியை இரண்டு பேரும் சேர்வர் முகவரியாகக் கொடுங்கோ. அதே செற்றிங்சில் போர்ட் ஒஃப்செற் என்ற எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், தானாக இருக்கும் 10000 போதும். வேறு விபிஎன் ஏதும் ஓடினால் நிப்பாட்டுங்கோ, அன்ட்ரொயிட் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் விடும்.

கொக்குவிலான்:
ஓம் அண்ணை, இப்ப ரூம் தெரியுது! நன்றி. டொரொன்டோவில் இருக்கிற மச்சானையும் இதே நெற்வேர்க்கில் சேர்க்கலாமா? அவனிடம் ஐரோப்பிய டிஸ்க், எங்களிடம் அமெரிக்கன்.

வயர்க்காரன்:
சேரலாம், ஆனால் முதலில் டிஸ்க் ஒன்றாக வேண்டும். டிஸ்க் இலக்கம் யூஎல்யூஎஸ் என்று தொடங்குவதும் (அமெரிக்கன்) யூஎல்இஎஸ் என்று தொடங்குவதும் (ஐரோப்பிய) கேமுக்கு வேறு வேறு ஆட்கள், பெரும்பாலும் ஒன்றையொன்று காணாது. கண்டாலும் டெக்கனை அவ்வளவு தூரத்துக்கு வைத்து விளையாட ஏலாது, நீங்கள் உதைத்தது அங்கே போய்ச் சேர முதல் அவன் உங்களை விழுத்தியிருப்பான். அவனோடு ஆறுதலான கேம் ஏதும் பாருங்கோ, முறை வைத்து விளையாடுவது என்றால் தாமதம் பெரிதாகத் தெரியாது.

பனங்காய்:
அப்ப சிம் மாத்தத் தேவையில்லை 😄 நானும் சாவகச்சேரியில் ஒருவனோடு இதைத்தான் செய்து பார்க்கப்போறன். எமுலேட்டரின் சேவ் ஸ்டேட் (அந்த நிமிஷ நிலையைச் சேமித்துப் பிறகு அதற்கே திரும்புவது) போடலாமோ நடுவில?

வயர்க்காரன்:
வேண்டாம். ஒருவர் பின்னுக்குப் போனால் மற்றவரின் கேம் அந்தரத்தில் நிற்கும். ஃபாஸ்ட் ஃபோர்வேர்டும் அப்படித்தான். கேமுக்குள் இருக்கிற சேவ் வசதியையே பாவியுங்கோ.