முறிவுக் கடினத்தன்மையா, விரிசல்தடையா?

நண்பர்களே,

பீங்கான் கூட்டுப்பொருள்களைப் பற்றி எழுதும்போது, ஒரு பொருள் தன்னிலுள்ள விரிசல் மேலும் ஓடுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்ற பண்புக்கு (ஆங்கிலத்தில் fracture toughness) ‘முறிவுக் கடினத்தன்மை’ என்ற சொல்லை ஏற்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்கிறேன். விக்கர்ஸ் சோதனையைப் பாருங்கள். வைர முனையை அழுத்தியதும் விழும் பள்ளத்தின் அளவு கடினத்தன்மையைச் சொல்கிறது. அதே பள்ளத்தின் மூலைகளில் கிளம்பும் விரிசல்களின் நீளத்தைக் கொண்டு, நாம் பெயர் தேடும் பண்பை மதிப்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது மாணவர் என்ன செய்வார்?

‘வலிமை’யும் சரிவராது. அலுமினா (அலுமினிய ஆக்சைடு) என்ற ஒரே பீங்கானில் செய்த இரு துண்டுகளில், ஒன்றிலுள்ள விரிசல் மற்றதைவிட நான்கு மடங்கு நீளமாக இருந்தால் அதன் வலிமை பாதியாகிவிடும். பொருளின் இந்தப் பண்போ மாறாது. கண்ணாடிக்கு ஏறத்தாழ 0.7, அலுமினாவுக்கு 3 முதல் 4 மெகாபாஸ்கல் √மீட்டர் என்று அட்டவணை போட முடிவது அதனால்தான்.

என் பரிந்துரை ‘விரிசல்தடை’. விரிசலே வராது என்று பொருள்படுமே என்பீர்கள். மின்தடை என்றதும் மின்னோட்டமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. விரிசல் வரலாம், அது ஓடுவதற்கு எதிர்ப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

‘முறிவுத்தடை’ ஏன் கூடாது? சிலிக்கான் கார்பைடு இழைகளை அதே சேர்மத்தாலான தாய்ப்பொருளில் (இழைகளைச் சூழ்ந்து பிடித்திருக்கும் பொருள்) பதித்த கூட்டுப்பொருளில், தாய்ப்பொருள் பல இடங்களில் விரிசல் விட்ட பிறகும் துண்டு முறியாமல் சுமை தாங்கும். இழைமேல் பூசிய போரான் நைட்ரைடு வேண்டுமென்றே வலுக்குறைவாக வைக்கப்படுகிறது. அங்கே வந்த விரிசல் இழையை அறுக்காமல் அதன் ஓரமாகத் திரும்பிவிடும். அறுபடாத இழைகள் விரிசலின் இரு கரைகளையும் பிடித்து நிற்கும். அறுந்தவையும் உரசிக்கொண்டே வெளியே உருவப்படும்போது ஆற்றலைத் தின்றுவிடும். ஆக, இங்கே தடுக்கப்படுவது விரிசலின் ஓட்டம்.

சிர்க்கோனியா என்ற பீங்கானின் வழி வேறு. 1975இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதியது இதைப் பற்றித்தான்: விரிசல் முனையருகே உள்ள நுண்படிக மணிகள் படிக வடிவம் மாறி, கன அளவில் ஏறத்தாழ 4 விழுக்காடு உப்பி விரிசலை நெருக்குகின்றன. இதை ‘உருமாற்ற விரிசல்தடை’ என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. இத்தகைய பொருள்களில் விரிசல் நீள நீள எதிர்ப்பும் கூடுவதைக் காட்டும் வரைபடம் இருக்கிறதல்லவா, அது ‘விரிசல்தடை வளைவு’ ஆகிவிடும். மோதல் சோதனையில் எஃகு உறிஞ்சும் ஆற்றலுக்கு மட்டும் இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். அதைத் தனியாகப் பேசுவோம்.