மூளை அனூரிசம்: எந்த ஸ்கேன், எந்த நேரத்தில்? உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

என் நாத்தனாருக்கு மூளை இரத்தக்குழாயில் அனூரிசம் (குழாயின் சுவர் பலவீனமாகிப் பலூன்போல் வீங்குவது) இருப்பது எந்த வரிசையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை விரிவாக எழுதுகிறேன். அந்த நாட்களில் எங்களிடம் ஆளுக்கொரு ஸ்கேனின் பெயரைச் சொன்னார்களே தவிர, எந்த நேரத்தில் எது பயன்படும் என்று ஒருவரும் விளக்கவில்லை.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவருக்குப் பின்னந்தலையில் யாரோ ஓங்கி அடித்ததைப் போன்ற வலி வந்தது. ஒரு நிமிடத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். கழுத்தைக் குனிய முடியவில்லை. அருகிலிருந்த மருத்துவர் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாளும் வலி விடாததால் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே சாய மருந்து செலுத்தாத சாதாரண சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தக்கசிவு எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று பையைக் கட்டத் தொடங்கிவிட்டோம்.

பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர்தான் விடவில்லை. கசிந்த இரத்தம் முதல் சில மணி நேரம் சி.டி.யில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் என்றும், மூளையைச் சுற்றியுள்ள நீரில் அது நாளுக்கு நாள் கரைந்து மங்கிவிடும் என்றும், ஒரு வாரம் கழித்து எடுத்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தெரியாமலே போகலாம் என்றும் சொன்னார். அதனால் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடும் என்று என் மாமியார் அழுதார். முதுகுத்தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்கும் என்பதை அந்த மருத்துவர் அவருடைய கையைப் பிடித்தபடி ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகே சம்மதித்தார்.

எடுத்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன், அந்தச் சிறு குழாயையும் சாதாரணத் தண்ணீர் நிரப்பிய இன்னொரு குழாயையும் வெள்ளைத் தாளின் முன்னால் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஒன்று தெளிவாக இருந்தது. மற்றொன்றில் இலேசான மஞ்சள். ஊசி குத்தியதால் கலந்த புது இரத்தம் என்றால் சிவப்பாகத்தான் இருக்கும் என்றும், இரத்தம் கசிந்து பன்னிரண்டு மணி நேரமாவது ஆகி, சிவப்பணுக்கள் சிதைந்திருந்தால்தான் மஞ்சள் நிறம் வரும் என்றும் விளக்கினார். அன்றிரவே சாய மருந்து செலுத்தி இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியில் இரு பக்கத் தமனிகளையும் இணைக்கும் குழாயில் 5 மி.மீ. அளவுக்கு வீக்கம் இருந்தது.

முதலில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்பதற்காக நாங்கள் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

சி.டி. தொழில்நுட்பர், மதுரை

ஆசிரியை அம்மா எழுதியிருப்பதில் ஒரு செய்தியை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். வலி தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். 2011இல் கனடாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்து வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. எந்த இரத்தக்கசிவையும் தவறவிடவில்லை. நேரம் கடந்து எடுத்தவற்றில் சில தவறின. அங்கேயும் நவீன இயந்திரம், படத்தைப் படிக்கத் தெரிந்த நிபுணர் என்ற இரண்டும் இருந்தன. ஆகவே "காலையிலிருந்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட "ஏழு மணிக்குப் பால் காய்ச்சும்போது" என்று சொல்வது மருத்துவருக்குப் பேருதவி.

எங்கள் அறைக்கு வரும் உறவினர்களில் பலர், எம்.ஆர்.ஐ.தானே பெரிய ஸ்கேன், அதையே எடுத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். வாந்தியோடும் மயக்கத்தோடும் வருபவரை அரை மணி நேரம் அசையாமல் படுக்க வைப்பது கடினம். சாதாரண சி.டி. ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் இரத்தம் தெரிந்தால் அதே மேசையில், அதே நிலையில், சாய மருந்து செலுத்தி ஆஞ்சியோவும் எடுத்துவிடலாம். அதற்கு முழங்கை மடிப்பில் சற்றுப் பெரிய ஊசி வேண்டும், ஏனெனில் மருந்து விநாடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகத்தில் போக வேண்டும். புறங்கையில் போட்ட மெல்லிய ஊசி அந்த வேகத்தைத் தாங்காது. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் பிரிந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். அப்போது பயந்து தலையைத் திருப்பினால் படம் கெட்டுவிடும் என்பதால், முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுவேன். தோடு, மூக்குத்தி, ஹேர்பின், கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. 3 மி.மீ.க்கும் குறைவான வீக்கங்களும், மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பை ஒட்டியிருப்பவையும் சி.டி. ஆஞ்சியோவில் தப்பக்கூடும்.

சிறுநீரக நோயாளி, கோயம்புத்தூர்

என் நிலை வேறு. எனக்குத் தலைவலியே கிடையாது. எங்கள் குடும்பத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் இருக்கிறது; என் தாயாருக்கும் அது இருந்தது, அவர் மூளை இரத்தக்கசிவில்தான் காலமானார். இந்த நோய் உள்ளவர்களுக்கு அனூரிசம் மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சிறுநீரக மருத்துவர் சொன்னார்.

சி.டி. ஆஞ்சியோவுக்கான அயோடின் சாய மருந்து என் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவுக்கு நல்லதல்ல என்பதால் எம்.ஆர். ஆஞ்சியோவைத் தேர்ந்தெடுத்தார். ஓடுகிற இரத்தத்தின் ஓட்டத்தையே வைத்துப் படம் பிடிக்கும் முறை அது. ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரத்தில் எடுத்தபோது, பின்பக்க இணைப்புத் தமனி கிளம்பும் இடத்தில் 2 மி.மீ. புடைப்பு, அனூரிசமாக இருக்கலாம் என்று அறிக்கை வந்தது. அந்த ஒரு வரியால் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போயிற்று. நரம்பியல் மருத்துவர் அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுக் குறுந்தகட்டைக் கேட்டார். படங்களைப் பார்த்த பிறகு 3 டெஸ்லா இயந்திரத்தில் மறுபடியும் எடுக்கச் சொன்னார். அதில், புடைப்பின் நுனியிலிருந்தே மெல்லிய குழாய் ஒன்று கிளம்பிச் செல்வது தெரிந்தது. அது அனூரிசம் அல்ல. குழாய் பிறக்கும் இடம் இயல்பாகவே புனல் வடிவில் அகன்றிருக்கிறது, அவ்வளவுதான். அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு படங்களைத் தொலைத்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கண் பரிசோதகர், திருச்சி

சுருக்கமாக ஒன்று. திடீரென்று ஒரு கண்ணின் இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாவை விரிந்து, வெளிச்சம் காட்டினாலும் சுருங்காமல் இருந்த பெண்மணி ஒருவர் எங்களிடம் கண்ணாடிக்கு அளவு பார்க்க வந்தார். எங்கள் மருத்துவர் கண்ணாடிப் பேச்சையே எடுக்காமல், அன்றைக்கே சி.டி. ஆஞ்சியோ எடுக்க எழுதிக் கொடுத்தார். பின்பக்க இணைப்புத் தமனியில் வீக்கம் வந்தால் அருகில் செல்லும் மூன்றாவது மூளை நரம்பை அது அழுத்தும். இப்படிப்பட்ட கண்ணுக்கு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கிடையாது.

மென்பொருள் பணியாளர், சென்னை

ஆசிரியை அவர்களிடம் ஒரு கேள்வி. என் அப்பாவுக்கு சி.டி. ஆஞ்சியோவில் அனூரிசம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தொடை வழியாகக் கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு இன்னொரு ஆஞ்சியோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். இது அவசியம்தானா?

பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

தம்பி, எங்களுக்கும் இதே ஐயம் இருந்தது. டி.எஸ்.ஏ. என்று அவர்கள் சொல்லும் இந்தப் பரிசோதனையில், கேத்தீட்டரைக் கழுத்துத் தமனிவரை கொண்டுபோய், அந்த ஒரு குழாய்க்குள் மட்டும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள். எலும்பின் நிழலைக் கணினி நீக்கிவிடுகிறது. வீக்கம் இருக்கிறதா என்பதற்காக அல்ல, அதன் கழுத்து (வீக்கம் இரத்தக்குழாயோடு சேரும் இடம்) அகலமா குறுகலா, பக்கத்திலிருந்து சிறு கிளைகள் ஏதும் கிளம்புகின்றனவா, காயில் என்ற மெல்லிய உலோகச் சுருளை உள்ளே வைத்து அடைக்கலாமா, மண்டையோட்டைத் திறந்து அந்தக் கழுத்தை இறுக்கி மூடும் கிளிப் போட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதற்காகத்தான் எடுக்கிறோம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். நாத்தனாருக்கு வீக்கத்தின் கழுத்து குறுகலாக இருந்ததால் அதே அமர்விலேயே காயில் வைத்துவிட்டார்கள்.

இதில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றாலும் அது உண்டு. கையெழுத்து வாங்கும்போது அதையும் சொன்னார்கள். சிகிச்சை முடிவு இந்தப் படத்தை நம்பியிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் தயங்காதீர்கள்.

சி.டி. தொழில்நுட்பர், மதுரை

ஆசிரியை அம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பரிசோதனை புதிதல்ல. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1927இலேயே மூளைத் தமனிகளில் மருந்து செலுத்திப் படமெடுத்துக் காட்டினார். இரத்தக்கசிவு உறுதியாகி, டி.எஸ்.ஏ.யிலும் வீக்கம் தென்படாதவர்களுக்குச் சில சமயம் ஓரிரு வாரங்கள் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். சுற்றியுள்ள இரத்தக்கட்டி அழுத்தியோ, குழாய் சுருங்கியோ முதல் தடவை வீக்கம் மறைந்திருக்கக்கூடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்

சிகிச்சைக்குப் பிறகு என்ன என்பதை நான் எழுதுகிறேன். என் மனைவிக்குப் பல ஆண்டுகளுக்கு முன் அனூரிசத்துக்குக் கிளிப் போட்டார்கள். அண்மையில் முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, தலையில் இருப்பது எந்தக் கிளிப் என்று தெரியாமல் அறைக்குள் விட மாட்டோம் என்றார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பழைய காந்த எஃகுக் கிளிப்பாக இருந்தால் அந்த இயந்திரத்தின் காந்தப்புலத்தில் நகர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கிய பிறகு, அவர் தடுத்ததற்கு நன்றிதான் சொன்னேன்.

பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பைத் தேடி எடுத்தோம். டைட்டானியம் கிளிப் என்று நிறுவனப் பெயரோடும் மாடல் எண்ணோடும் எழுதியிருந்தது. அவர்கள் அதைச் சரிபார்த்த பிறகே ஸ்கேன் நடந்தது. காயில் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தடை இல்லை; அது பிளாட்டினம். சி.டி.யில்தான் காயிலைச் சுற்றிக் கோடுகோடாக விழுந்து படம் மறைந்துபோகும் என்பதால், அவர்களுடைய தொடர் பரிசோதனைக்கு எம்.ஆர். ஆஞ்சியோவையே அதிகம் எழுதுகிறார்கள். ஆசிரியை அம்மா, உங்கள் நாத்தனாருக்கு மருத்துவமனையில் கொடுத்த, காயிலின் விவரம் எழுதிய அட்டையை இரண்டு மூன்று நகல் எடுத்து, ஒன்றை அவருடைய கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.