மறு: யூரின் ரிஃப்ளக்ஸுக்கு தமிழ்ச்சொல் – பின்னோட்டம் வேண்டாமே அண்ணா

அண்ணா, குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

மூணு நாளா இந்த இழையப் படிச்சிட்டுதான் இருக்கேன், வேலைக்கு நடுவுல பதில் போட முடியல. சிறுநீர்ப்பைல இருந்து ஒண்ணுக்கு கிட்னி பக்கம் திரும்பி ஏறுதே, அந்த யூரின் ரிஃப்ளக்ஸப் பத்தி நாம மொழிபெயர்க்கற பதிவுல அதுக்கு நீங்க சொன்ன "பின்னோட்டம்" எனக்கு ஒட்டவே மாட்டேங்குது, ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி வீட்டுல நடந்தத சொல்லிடறேன்.

அக்கா பையனுக்கு ஒன்றரை வயசு. ரெண்டு தடவ காய்ச்சலோட யூரின் இன்ஃபெக்ஷன் வந்துச்சு, ஸ்கேன் எடுத்தாங்க, அப்புறம் சின்ன டியூப் வழியா சிறுநீர்ப்பைல மருந்த ஏத்தி பிள்ள ஒண்ணுக்கு போகும்போதே எக்ஸ்ரே எடுப்பாங்களே எம்சியூன்னு, அதுவும் ஆச்சு. டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு "யூரின் பேக் போகுதும்மா"ன்னார், பின்னாடி போகுதுங்கற அர்த்தத்துல. எங்கம்மா வெளிய வந்து ஒரே அழுக. என்னடான்னா தாத்தாவுக்கு கடைசி காலத்துல கட்டில் ஓரமா தொங்கினதும் யூரின் பேக்தான், பிள்ளைக்கும் பை மாட்டப் போறாங்கன்னு நெனச்சிட்டாங்க! தமிழ்ல சொல் இல்லாட்டி என்ன ஆகும்னு கேட்டவங்களுக்கு இது போதும்னு நெனைக்கிறேன்.

இப்ப பின்னோட்டம். முதல் சிக்கல், ஒரு எழுத்து மாறினா பின்னூட்டம் ஆயிடும், நம்ம ஆளுங்க டைப் பண்ற லட்சணத்துக்கு கண்டிப்பா ஆயிடும். ரெண்டாவது, அத வினையா சொல்லிப் பாருங்க, "சிறுநீர் பின்னோடுது". யார் பின்னாடி ஓடுது? நல்ல கலைச்சொல்னா பேச்சுல வினையாவும் வரணும். அதான் என் ஓட்டு எதுக்களிப்புக்கு. பால் குடிச்ச பிள்ள எதுக்களிக்குதுன்னு எல்லா வீட்டுலயும் சொல்றோம், கீழ போகவேண்டியது எதிர்த்து மேல வருதுங்கற பொருள் அதுலயே இருக்கு. அம்மாகிட்ட "ஒண்ணுக்கு பைல இருந்து கிட்னி பக்கம் எதுக்களிக்குதும்மா, அவ்ளோதான்"னு சொன்னேன், அழுக நின்னுச்சு. வயித்துக்கு மட்டும்தான் அந்த சொல்லுன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், இங்கிலீஷ்காரங்க மட்டும் ரெண்டுக்கும் ஒரே ரிஃப்ளக்ஸ வச்சுக்கலாம், நமக்கு ஆகாதா?

அடுத்து காரணம் சொல்ற இடத்துல வர்ற வால்வு. இங்கதான் பெரிய குழப்பம் இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. கிட்னில இருந்து வர்ற குழாய் பைய நேரா குத்திட்டு உள்ள போறதில்ல, பாவாட நாடா மடிப்புக்குள்ள போற மாதிரி பையோட சுவருக்குள்ளயே சாய்வா கொஞ்ச தூரம் போய்தான் வாய் திறக்குது. பை ரொம்பும்போது சுவர் இழுபட்டு அந்த சாய்வான பகுதி நசுங்கி மூடிக்கும், அதனால மேல ஏறாது. அதாவது அங்க தனியா ஒரு கதவோ இதழோ கிடையாது. மதகுன்னு போட்டா என்னன்னு கேட்டிருந்தீங்க, மதகுக்கு பலகையும் வேணும், தூக்கி எறக்க ஆளும் வேணும், இது ரெண்டுமே இல்லாம தானா மூடறது. சாய்வா போற அந்த நீளம் குழாயோட விட்டத்தப் போல சுமார் 5 மடங்கு இருக்கணும்னு கணக்கு, பிறக்கும்போதே அது குட்டையா அமைஞ்சிட்டா மூடாம எதுக்களிக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதான் காரணம். வளர வளர நீளமும் கூடறதால லேசா இருக்கறவங்களுக்கு தானாவே சரியாயிடுது. குடும்பத்துல ஓடற விஷயமும்கூட, ஒரு பிள்ளைக்கு இருந்தா கூடப்பிறந்ததுல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு இருக்கலாம்.

இன்னொரு வகை, வாய் சரியாத்தான் இருக்கும், பைக்குள்ள அழுத்தம் எகிறி அது தாங்காம மேல ஏறும். ஆம்பளப் பிள்ளைங்க சிலருக்கு ஒண்ணுக்கு வெளிய போற வழில பிறவிலயே ஒரு சவ்வு குறுக்க நிக்கும், அதுக்கு இங்கிலீஷ்ல வால்வுன்னுதான் பேரு! ஆக நம்ம மொழிபெயர்ப்புல ஒரு வரில "வால்வு சரியில்லாததால் வருகிறது", அடுத்த வரில "வால்வு இருப்பதால் வருகிறது". படிக்கறவன் என்ன செய்வான்? முதலாவத மடக்குன்னும் ரெண்டாவத குறுக்குச் சவ்வுன்னும் போடுவோம், வால்வ இதய டாக்டருங்களுக்கே விட்ருவோம்.

முதுகுத்தண்டு சரியா மூடாம பிறந்த பிள்ளைங்களுக்கு நரம்புக் கோளாறால பை இறுகி அதே அழுத்தம் வரும். அப்புறம் மலச்சிக்கல், ஒண்ணுக்க அடக்கி வைக்கிறது. ஸ்கூல் டாய்லெட்டுக்கு பயந்து காலைல 8 மணிக்கு போன பொண்ணு சாயங்காலம் வீட்டு வாசல்ல செருப்பக்கூட கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுதே, அதெல்லாம் இந்த கணக்குல வரும், பதிவுல ஒரு வரியாவது இத எழுதணும். உடம்பு சூட்டால வருதுன்னு மட்டும் யாரும் சேத்துடாதீங்க. நீர்க்கடுப்புக்கு எளநி குடிக்கறது வேற, இது அமைப்புக் கோளாறு.

மேல சொன்ன ரெண்டு வகையில வாய் குட்டையா அமைஞ்சத பிரைமரின்னும் அழுத்தத்தால வர்றத செகண்டரின்னும் இங்கிலீஷ்ல சொல்றாங்க, அதுக்கு நீங்க "முதல் நிலை, இரண்டாம் நிலை" போட்டிருக்கீங்க. எதுக்களிப்போட கடுமைக்கும் 1ல இருந்து 5 வரை கிரேடு இருக்கு, "இரண்டாம் நிலை"ன்னதும் கிரேடு 2ன்னுதான் அம்மாங்க நெனப்பாங்க. நான் முதல்ல "பிறவி எதுக்களிப்பு"ன்னு எழுதிப் பாத்தேன், நம்ம குழு டாக்டரம்மாதான் தனி மெயில்ல குறுக்குச் சவ்வும் பிறவிதானேன்னு ஒரே போடா போட்டாங்க, சரிதான். அதனால இப்ப வாய்க்குறை எதுக்களிப்பு, அழுத்த எதுக்களிப்பு. சொல்லப் பாத்தாலே காரணம் தெரிஞ்சிடும். கிரேடுக்கு "படி" வைக்கலாம், 1ஆம் படின்னா குழாயோட நின்னுடும், 5ஆம் படின்னா கிட்னி வரைக்கும் ஏறி குழாய் வீங்கி நெளிஞ்சு கிடக்கும்.

மிச்சம் ஒண்ணு. கிட்னில இருந்து பைக்கு வர்றது, பைல இருந்து வெளிய போறது ரெண்டையும் நம்ம பதிவுல "சிறுநீர்க்குழாய்"னே எழுதி வச்சிருக்கோம், எதுக்களிப்பு எதுல நடக்குதுன்னே புரியாது. மேல உள்ளதுக்கு சிறுநீர் நாளம், கீழ உள்ளதுக்கு சிறுநீர்வழின்னு ஞாயித்துக்கிழம மாத்தப் போறேன். நாளம்னா ரத்தநாளம்தான்னு சண்டைக்கு வர்றவங்க சனிக்கிழமைக்குள்ள வந்துடுங்க.