நெப்ராஸ்காவில் நண்பனின் மூதாதையர் நிலத்தைத் தேடி ஆர்வி பயணம்: வண்டி, ஆவணம், வழி சொல்லுங்கள்

டென்வர்வாசி (கேள்வி)

அக்டோபர் இரண்டாம் வாரம், 8 நாள், நான்கு பேர். டென்வரில் 25 அடி கிளாஸ் சி ஆர்வி (வேன் அடிச்சட்டத்தில் கட்டிய வீட்டுவண்டி) வாடகைக்கு எடுத்து நெப்ராஸ்காவின் வேலி கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஓர்ட் ஊர்ப் பக்கம் போகிறோம். எங்களில் ஒருவன் அமெரிக்கன். அவனுடைய பாட்டியின் தாத்தா பொஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வந்து அங்கே ஹோம்ஸ்டெட் நிலம் (குடியேறி உழுபவருக்கு அரசு கொடுத்தது) பெற்றவர். கையில் இருப்பது 1889-ஆம் வருடப் பட்டாவின் நகல் மட்டும். அதில் "வடகிழக்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 19 வடக்கு, ரேஞ்ச் 15 மேற்கு, ஆறாவது மெரிடியன்" என்று இருக்கிறது. இதை வைத்து இடத்தைப் பிடிப்பது எப்படி? அந்த மண் ரோட்டில் ஆர்வியை விடலாமா? கிளம்புவதற்கு முன் வீட்டிலிருந்தே எதையெல்லாம் முடிக்கலாம்?

சர்வேக்கல்

பட்டா இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம்மூர் சர்வே எண் மாதிரிதான், ஆனால் இங்கே எண்ணே திசையையும் சொல்லிவிடும். நெப்ராஸ்கா–கான்சாஸ் எல்லைதான் அடிக்கோடு. அங்கிருந்து வடக்கே 6 மைலுக்கு ஒரு டவுன்ஷிப். 19-ஆவது என்றால் அதன் தெற்கு விளிம்பு எல்லையிலிருந்து 108 மைல். ரேஞ்சும் அப்படித்தான், ஆறாவது மெரிடியன் கோட்டிலிருந்து மேற்கே 6 மைலுக்கு ஒன்று. ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். கால் பங்கு 160 ஏக்கர். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அளவு அதுதான்.

எண் போடும் முறைதான் பலரைக் கவிழ்க்கும். வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசையில் 7 முதல் 12 வரை கிழக்கே திரும்பும். ஏர் உழுவது போலப் போய்த் திரும்பி, தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும். உங்கள் 14 மூன்றாவது வரிசையில் கிழக்கிலிருந்து இரண்டாவது. புத்தகம் படிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக எண்ணினால் 3 மைல் மேற்கே தள்ளி யாரோ ஒருவர் சோளக்காட்டில் நிற்பீர்கள். எர்த்பாயிண்ட் தளத்தில் இந்த விவரத்தைக் கொடுத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை வரும். நாலு மூலையையும் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள், போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

பட்டா என்பது கடைசிக் காகிதம். அதற்கு முந்தைய கோப்புதான் புதையல். நெப்ராஸ்கா ஹோம்ஸ்டெட் கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டு ஃபோல்ட்3 தளத்தில் இருக்கின்றன. பட்டாவில் உள்ள ஃபைனல் சர்டிஃபிகேட் எண்ணையும் நில அலுவலகத்தின் பெயரையும் வைத்துத் தேடுங்கள். வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதார், கிணறு உண்டா, மனைவி மக்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர் வாக்குமூலமாகவே இருக்கும். சாட்சி சொன்ன இரண்டு அக்கம்பக்கத்தார் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள். சொந்த ஊர் தெரியாவிட்டால் அந்தச் சாட்சியின் வழியாகப் பிடிக்கலாம்.

1889 என்பது அவர் வந்த வருடம் இல்லை. ஐந்து வருடம் குடியிருந்து நிரூபித்த பிறகுதான் பட்டா, அதற்கு மேலும் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே 1885 நெப்ராஸ்கா மாநிலக் கணக்கெடுப்பில் அவர் இருக்க வேண்டும். 1890 கூட்டாட்சிக் கணக்கெடுப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், 1921 தீ விபத்துக்குப் பிறகு அதில் மிஞ்சியது சொற்பம்.

நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பதை ஓர்ட் கோர்ட்ஹவுஸில்தான் பார்க்க வேண்டும். நம்மூரில் வில்லங்கம் பார்ப்பதேதான். பெயரை வைத்துத் தேடாதீர்கள், செக் பெயர்களைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். செக்‌ஷன் வாரியாகப் போட்ட நியூமரிக்கல் இண்டெக்ஸைக் கேளுங்கள். ஒரே பக்கத்தில் அந்தக் கால் பங்கின் எல்லாப் பத்திரங்களும் வரிசையாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: அக்டோபர் இரண்டாம் திங்கள் அரசு விடுமுறை, கோர்ட்ஹவுஸ் பூட்டியிருக்கும். செவ்வாய்க்குத் திட்டமிடுங்கள்.

முப்பது ஆம்ப்

வண்டிக்கு வருகிறேன். ஆர்வியை அந்த ரோட்டில் விடாதீர்கள். முதல் காரணம், பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத ரோடு தடை. கண்ணாடி உடைந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும். இரண்டாவது, "மினிமம் மெயின்டனன்ஸ் ரோடு" (பராமரிப்பு குறைந்த பாதை) என்று பலகை வைத்த பாதையில் மழை பெய்தால் மண் வெண்ணெய் மாதிரி வழுக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தும் புதைந்துவிடும். மூன்றாவது பாலம். எடை வரம்பை டன்னில் எழுதியிருப்பார்கள். இந்த மாதிரி ஆர்விகளில் வரும் ஃபோர்டு இ-450 சேசிஸ் (அடிச்சட்டம்) வண்டியின் உச்ச எடை 14,500 பவுண்டு, அதாவது 7¼ டன். 5 டன் பலகையைப் பார்த்து "நாம சின்ன வண்டிதானே" என்று ஏற்றிவிடாதீர்கள்.

வழி இதுதான்: கியர்னியிலோ கிராண்ட் ஐலண்டிலோ 3 நாளுக்கு ஒரு சாதாரண கார் எடுங்கள். ஆர்வி முகாமில் நிற்கட்டும். சின்ன ஊர்களின் சிட்டி பார்க்கில் பெரும்பாலும் மின் இணைப்போடு இடம் கிடைக்கும், உறையில் பணம் போட்டால் போதும். பர்வெல் பக்கத்தில் கலமஸ் நீர்த்தேக்க மாநிலப் பொழுதுபோக்குப் பகுதி இருக்கிறது. அங்கே முகாம் கட்டணம் போக வாகன அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும்.

அக்டோபரில் உறைபனிக்குப் பயந்து பல இடங்களில் குழாயை அடைத்துவிடுவார்கள். ஐ-80 நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பும் முன்பே தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள். ராத்திரி 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (0 செல்சியஸ்) கீழே போகும் என்றால் வெளி ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, தொட்டித் தண்ணீரையும் பம்பையும் பயன்படுத்துங்கள். சிங்க் அடியில் உள்ள கதவுகளைத் திறந்து வைத்தால் ஹீட்டர் சூடு குழாய்க்குப் போகும்.

மின்சாரம்: 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3600 வாட். மைக்ரோவேவ் 12 ஆம்ப், இன்ஸ்டன்ட் பாட் (மின்சாரக் குக்கர்) 8, ஸ்பேஸ் ஹீட்டர் 12. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஹீட்டருக்கு வண்டியின் புரொப்பேன் கேஸையே பயன்படுத்துங்கள். 230 வோல்ட் மிக்ஸியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மாவை வீட்டிலேயே அரைத்துவிடுங்கள்.

கழிவுத் தொட்டியில் எல்லோரும் செய்யும் தப்பு, முகாமின் சாக்கடை இணைப்பில் நிற்கும்போது கறுப்பு (கழிவறைத் தொட்டி) வால்வைத் திறந்தே வைப்பது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மிச்சம் அடியில் மேடாகக் காய்ந்து கட்டியாகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு முதலில் கறுப்பு, அப்புறம் சாம்பல் (சிங்க், குளியல் தண்ணீர்த் தொட்டி). சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொடுக்கும். காலியானதும் 2 காலன் தண்ணீர் ஊற்றி மூடுங்கள்.

டென்வர்வாசி

ரெண்டு பேருக்கும் நன்றி. விடுமுறை நாள் கவனத்திலேயே இல்லை, மாற்றிவிட்டோம். போய் நின்றால் கண்ணுக்கு என்னதான் தெரியும்? கல்லறையையும் தேடவேண்டும்.

புல்வெளிக்காரி

வீடு தெரியாது. அந்தக் காலத்து வீடு பெரும்பாலும் புல்கட்டி வீடு. புல் வேரோடு மண்ணைப் பாளமாக வெட்டிச் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டியது. கூரை விழுந்தால் சில வருடத்தில் மண்ணோடு மண். (பக்கத்து கஸ்டர் கவுண்டியில் சாலமன் புட்சர் 1886 முதல் எடுத்த படங்களைப் பாருங்கள். வீட்டு வாசலில் குடும்பம், மாடு, தர்ப்பூசணி எல்லாம் வரிசையாக நிற்கும்.) தேட வேண்டியது மரம். வயல் நடுவே நேர்கோட்டில் காட்டன்வுட், காரணமில்லாமல் ஒரு லைலாக் புதர், ஐரிஸ் கிழங்கு இருந்தால் அங்கே யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். சோளம் அறுத்த பிறகு பார்வை நன்றாகப் போகும், அக்டோபர் நல்ல தேர்வு. பழைய கைக்கிணறு பலகையால் மூடிக் கிடக்கலாம், புல் மேடு தெரிகிறதே என்று ஏறாதீர்கள்.

இப்போது அது ஒருவருடைய காடு. கவுண்டி அசெஸர் (சொத்து வரி மதிப்பீட்டாளர்) தளத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். முன்கூட்டியே ஒரு கடிதம் போடுங்கள், பட்டா நகலையும் இணையுங்கள். அறுவடை நேரத்தில் வாசலில் போய் நின்று பேச்சுக் கொடுத்தால் யாருக்கும் பிடிக்காது.

செக் கல்லறைக் கல்லில் நாள் முன்னால், மாதம் பின்னால் வரும். 5. 3. என்றால் மார்ச் 5. உங்கள் நண்பன் மே 3 என்று எழுதிக்கொள்வான். பெண்ணின் குடும்பப் பெயர் பெரும்பாலும் "ஓவா" என்று முடியும். "ரோஸெனா" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், அதைத் தவறவிடாதீர்கள். எழுத்து தேய்ந்திருந்தால் சுண்ணாம்பு, ஷேவிங் க்ரீம், பிளீச், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். அப்புறம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுங்கள், மறைந்த எழுத்து நிழலில் எழும்பும்.

முப்பது ஆம்ப்

கண்ணாடிக்கு அலைய வேண்டாம். ஆர்வி குளியலறை அலமாரிக் கதவைக் கழற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதுவும் வேண்டாம், டெபாசிட் போய்விடும். டாலர் கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.