அம்மா இருக்கும் அநாதைகள்: வெளிநாட்டுத் தொண்டூழியத்தில் கண்டவை

சிங்கப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

இந்தக் குழுமத்தில், வெளிநாட்டில் தொண்டூழியம் செய்தவர்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்தவை எல்லாம் இனிப்பு. என்னுடையது கசப்பு; வேண்டாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

கம்போடியாவில் சியாம் ரீப் என்று ஓர் ஊர். அங்கோர்வாட் பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் நகரம். அதற்கு வெளியே, செம்மண் சாலை ஓரத்தில் ஓர் அநாதை இல்லம். நடத்தியவர் உள்ளூர்க்காரர், அவருக்குப் பணம் திரட்டி அனுப்பியது சிங்கப்பூரில் ஒரு சிறிய அறநிறுவனம். இரண்டின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. 2012ல் அங்கே ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் போனேன். பள்ளி விடுமுறையில் வரும் மாணவர் குழுக்கள் ஒரு வாரத்தில் திரும்பிவிடும். நான் சில மாதங்கள் தங்கினேன். ஒரு வாரத்தில் திரும்புகிறவர்களின் கண்ணுக்கு அந்த இல்லத்தில் ஒரு குறையும் தெரியாது. அப்படித் தெரியாமல் இருக்கும்படிதான் எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன.

சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் விடுமுறையில் வந்த குழு முன்சுவரில் வானவில்லும் யானையும் வரைந்துவிட்டுப் போனது. வருட இறுதி விடுமுறைக்கு அடுத்த குழு வருவதற்குள் அதன்மேல் வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்த உள்ளூர் ஆளுக்குக் கூலி உண்டு. வானவில் வரைய நம் பிள்ளைகள் கைப்பணம் கட்டி விமானம் ஏறி வந்தார்கள்.

அரிசி விவகாரம் இன்னும் நேர்த்தியானது. பார்வையாளர்கள் வந்தால் மேலாளர் பணமாக வாங்கவே மாட்டார். “என் கையில் காசு வேண்டாம், பிள்ளைகளுக்கு அரிசி வாங்கித் தாருங்கள்” என்பார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று வந்தவர்கள் உருகிப் போவார்கள். குறிப்பிட்ட ஒரு கடையில் 50 கிலோ மூட்டை வாங்கி, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பொழுது சாய்ந்ததும் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் இழுவண்டி வரும். மூட்டை கடைக்கே போகும். கடைக்காரரின் கழிவு போக ரொக்கம் மேலாளர் கைக்கு வரும். ஒருநாள் ஒரு சின்னப் பெண் மூட்டையின் மூலையில் நீல மையால் ஐந்து இதழ்ப் பூ ஒன்றை வரைந்துவிட்டாள். அந்தப் பூ போட்ட மூட்டையை ஒரு கொரியக் குடும்பம் வாங்கித் தந்தது. பிறகு ஓர் ஆஸ்திரேலியத் தம்பதியும் அதையே வாங்கித் தந்தார்கள். பிள்ளைகளுக்கு இரவில் என்னவோ அதே நீர்த்த கங்கோங் கீரைச் சாறும் ஒரு கரண்டி பிரஹோக்கும்தான். பிரஹோக் என்பது அவர்களின் மீன் ஊறல். நம் கருவாட்டையும் தோற்கடிக்கும் வாசனை, பழகிவிட்டால் விட முடியாது.

இந்த வித்தை அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. நகரத்தின் இரவுக் கடைத்தெருவில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, காசு வேண்டாம், பால்மாவு டின் வாங்கித் தாருங்கள் என்பார். டின் பிறகு கடைக்கே திரும்பிவிடும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே கணக்கைக் கூரை போட்டு, பெயர்ப்பலகை மாட்டிச் செய்தால் தொண்டு நிறுவனம்.

இவ்வளவும் திருட்டு என்ற அளவில் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். திருட்டு எங்கேதான் இல்லை? அக்டோபரில் பச்சும் பென் வந்தது. முன்னோருக்குப் படைக்கும் பதினைந்து நாள் விழா. நம் மகாளயபட்சமும் அதே தேய்பிறையில்தான் வருகிறது. விடியும் முன் கோயிலைச் சுற்றி வந்து சோற்று உருண்டைகளை எறிகிறார்கள். பிண்டம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாரம் பிள்ளைகள் துணிமணிகளை மூட்டை கட்டினார்கள். எங்கே போகிறாய் என்று ஒரு பையனைக் கேட்டேன். அம்மாவிடம் என்றான்.

மேலாளர் அவசரமாகக் குறுக்கிட்டு, அத்தையைத்தான் அப்படிச் சொல்கிறான் என்றார். பையன் என்னையும் ஊருக்குக் கூப்பிட்டான், போனேன். தொன்லே சாப் ஏரிக்கரையில் மூங்கில் கால்கள்மேல் நிற்கும் வீடு. அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்குப் பாய் விரித்து, தேங்காய் வெட்டிக் கொடுத்துவிட்டு, பையன் எப்படிப் படிக்கிறான், கணக்கில் தேறிவிடுவானா என்று மொழிபெயர்க்க வந்த பெரிய பையன் மூலம் கேட்டார். விடுதியுள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் வரும், மூன்று வேளை சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். வெளிநாட்டார் வரும் நாளில் மட்டும் வந்துவிடக் கூடாதாம். வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் பணமும் கொடுப்பார்களாம்.

அதற்குப் பிறகுதான் யுனிசெஃப் உதவியோடு 2011ல் வந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அநாதை இல்லங்கள் 75 விழுக்காடு கூடி 269 ஆகியிருந்தன. அவற்றில் அரசு நடத்தியவை 21 மட்டுமே. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். கெமர் ரூஜ் ஆட்சி 1979லேயே விழுந்துவிட்டது. போர் ஓய்ந்து, நாடு கொஞ்சம் தேறிய காலத்தில் அநாதைகள் ஏன் பெருக வேண்டும்? அநாதைகளைப் பார்க்க ஆள் வந்ததால் பெருகினார்கள். அரிசியைத் திருடியது சின்ன விஷயம். அரிசி வர வேண்டுமென்பதற்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து வந்ததுதான் தொழில். நாம் அனுப்பிய வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அந்தத் தொழிலுக்கு முதலீடு.

இன்னொன்று. பூ வரைந்த அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாடுகளில் மாதந்தோறும் பணம் கட்டும் ‘பெற்றோர்’ இருந்தார்கள், ஒருவருக்கொருவர் தெரியாது. நன்றிக் கடிதத்தைப் பெயர் மாற்றிப் படியெடுத்துத் தரும்படி என்னிடமே கேட்டார்கள். முடியாது என்றேன். அடுத்து வந்த தொண்டூழியர் எழுதிக் கொடுத்திருப்பார்.

சிங்கப்பூர் திரும்பியதும் படங்களோடு அறநிறுவனத்தின் பொருளாளரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார், தேநீர் தந்தார். “அந்த நாட்டில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். நீங்கள் இதை வெளியே சொன்னால் பாதிக்கப்படப்போவது பிள்ளைகள்தான்” என்றார். எந்தக் கேள்வி கேட்டாலும் அந்தப் பிள்ளைகளையே கேடயமாக நீட்டினார்கள்.

நம் ஊரில் 2005ல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி டி.டி.துரையின் அலுவலகக் குளியலறைத் தங்க முலாம் குழாயும் ஆண்டுக்கு 600,000 வெள்ளிச் சம்பளமும் நீதிமன்றத்தில் வெளிவந்து சந்தி சிரித்தது. நன்கொடையாளர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். சட்டத்தையும் இறுக்கினார்கள். உள்ளூரில் குழாய் மாட்டினால் இப்போது மாட்டிக்கொள்வீர்கள். பணம் கடல் கடந்துவிட்டால் அனுப்பிய தொகை முழுவதும் ‘திட்டச் செலவு’ என்று ஒரே வரியில் ஏறிவிடுகிறது. அங்கே போய்ப் பார்க்க ஒருவரை வைத்தால் அது நிர்வாகச் செலவு, அறிக்கை அசிங்கமாகிவிடும். எனவே யாரையும் வைப்பதில்லை. ‘உங்கள் வெள்ளியில் 95 காசு நேராகப் பிள்ளைகளுக்கு’ என்று அட்டையில் போட்டுக்கொள்கிறார்கள்.

*

மட்டக்களப்பு, இப்போது லண்டன்:

சகோதரம், உங்கள் பொருளாளரை எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் அவர் வேறு முகத்தோடு வந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பிற்காலத்தில் பல நிறுவனங்கள் சேர்ந்து செய்த மதிப்பீட்டில், பாதிக்கப்பட்ட தலைக்கு 7,000 டாலருக்கு மேல் உதவி வந்ததாகக் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு வங்கதேச வெள்ளத்துக்கு வந்தது தலைக்கு 3 டாலர். இத்தனை பணத்தையும் குறித்த தேதிக்குள் செலவழித்துக் காட்ட வேண்டும். எனவே திருட்டைவிட அவசரம்தான் எங்களைத் தின்றது. ஒரே முகாமில் காலையில் ஓர் அமைப்பு கணக்கெடுக்கும், மாலையில் இன்னொன்று. கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி என்னிடம், “பிள்ளை, காலையில் வந்தவர்களுக்கு அழுது சொல்லிவிட்டேன், அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்” என்றார். கடைசியில் கட்டிக் கொடுத்த வீடுகளில் சமையலறையே இல்லை. விறகடுப்பை எங்கே வைப்பது என்று கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘இரண்டாம் கட்டத்தில்’ என்று பதில் வந்தது. இரண்டாம் கட்டம் வரவில்லை. வீட்டைவிட உயரமாக நின்றது நன்கொடையாளரின் பெயர்ப்பலகை.

*

நாகப்பட்டினம்:

அதே சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஸ்வெட்டர் வந்தது. கடற்கரையில், தை மாதத்தில், மலைபோல. உடுத்தியதைக் களைந்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் மீனவர்கள் கையால் தொடவில்லை, சாலையோரம் கிடந்து மக்கியது. நகராட்சிக்கு அதை அள்ளுவதே தனி வேலை. பிறகு ஃபைபர் படகுகள் வந்தன. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில், மீன் வாடை பிடிக்காதவர் பெயரில்கூட எங்கள் குப்பத்தில் ஒரு படகு உண்டு. ஓட்ட ஆள் இல்லை, வலை இல்லை. படகோடு எடுத்த படம் மட்டும் ஒழுங்காக இருக்கிறது.

*

சென்னை, தணிக்கையாளர்:

முதல் பதிவர் சொன்ன நிர்வாகச் செலவு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020ல் திருத்தியபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலாண்மைப் பணியாளரின் சம்பளமும் பயணமும், கணக்கு எழுதும் செலவும், அறிக்கை தயாரிக்கும் செலவும் அந்த வரம்புக்குள்தான் வரும். போய்ப் பார்க்கிறவனையும் எழுதி வைக்கிறவனையும் வெட்டிவிட்டால் திருடனுக்கு யார் தொல்லை? ரசீது எல்லாம் மிக ஒழுங்காக இருக்கும் கோப்பைக் கண்டால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. உண்மையான கிராமத்து வேலையில் நாலு ரசீதாவது மழையில் நனைந்திருக்கும்.

*

ஈப்போ, மலேசியா:

படித்து மனம் கனத்துவிட்டது அண்ணா. ஆனால் இப்படியே எழுதிக்கொண்டு போனால் கொடுக்கிற நாலு பேரும் கையை மூடிக்கொள்வார்களே? நான் மியன்மார் எல்லையில் ஒரு மருத்துவக் குழுவோடு போய் வந்தேன், சல்லிக்காசு வீணாகவில்லை. அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்றும் சொல்லுங்கள்.

*

சிங்கப்பூர், முதல் பதிவர்:

தங்கை, கையை மூடச் சொல்லவில்லை. நான் இப்போதும் கம்போடியாவுக்குப் பணம் அனுப்புகிறேன்; வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சீருடையும் சைக்கிளும் தரும் ஒரு குழுவுக்கு. நேரில் வந்து பிள்ளைகளைப் பார்க்கலாமா என்று முதலில் கேட்டுப் பார்த்தேன். பார்க்க முடியாது, ஆண்டறிக்கை அனுப்புகிறோம் என்றார்கள். அன்றே நம்பிக்கை வந்தது.

அந்த இல்லம் இப்போது இல்லை. 2015ல் அந்நாட்டு அரசு, அநாதை இல்லங்களை ஒழுங்குபடுத்த ஆணை பிறப்பித்தது, பிறகு பிள்ளைகளைக் குடும்பத்துக்கே திருப்பி அனுப்பும் வேலையும் தொடங்கியது. அந்தச் சோதனையில் இது மூடப்பட்டது. ஏரிக்கரைப் பையன் வீட்டுக்குப் போய்விட்டான், தகப்பனோடு மீன் பிடிக்கிறான், கணக்கில் தேறவில்லை. பூ வரைந்த பெண் எங்கே என்று தெரியவில்லை. அவளுடைய தாய் தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். மேலாளர் வேறு மாகாணத்தில் இலவச ஆங்கிலப் பள்ளி நடத்துவதாகக் கேள்வி. சிங்கப்பூர் அறநிறுவனம் தன் திட்டப் பட்டியலிலிருந்து இல்லத்தின் பெயரை எடுத்துவிட்டது, நன்கொடையாளர்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த ஆஸ்திரேலியத் தம்பதிக்கு நான்தான் எழுதினேன். இல்லம் மூடிய பிறகும் வருடக்கணக்கில் அவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து மாதத் தொகை போய்க்கொண்டே இருந்திருக்கிறது.